மதுரைப் பக்கத்துச் சிற்றோடையின் உடல்நிலையை நாமே பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் அறிக்கை ஒன்று வரும். அது பாட்டிலை முக்கி எடுத்த அந்த நிமிடத்துத் தண்ணீரைப் பற்றிய அறிக்கை மட்டும்தான். முந்தின நாள் ராத்திரி கழிவுநீர் லாரி ஒன்று பாலத்தடியில் வால்வைத் திறந்துவிட்டுப் போயிருந்தால், விடிவதற்குள் அது வடிந்து போயிருக்கும். அறிக்கையில் எல்லாம் சரியாகவே இருக்கும். கல்லுக்கு அடியில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் புழு பூச்சிகளில் பாதி அந்த ராத்திரியோடு போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் ரசாயனச் சோதனைக்குக் கொஞ்சம் இடம், கல்லைப் புரட்டிப் பார்ப்பதற்கு நிறைய இடம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓடை ஆய்வு முறைகள் பெரும்பாலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் குளிர்நாட்டு ஓடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்ம பக்கத்தில் அழகர்மலைச் சிலம்பாறு மாதிரி வற்றாமல் கசிகிற ஊற்றோடைகள் அபூர்வம். சிறுமலை அடிவாரத்திலும் நாகமலைச் சரிவிலும் இறங்குகிற ஓடைகள் ஐப்பசியில் ஓட ஆரம்பித்து, மாசி பங்குனியில் அங்கங்கே மடுவாகத் தேங்கி, சித்திரையில் வெறும் மணலாகிவிடும். அது நோய் இல்லை, அந்த ஓடையின் இயல்பு. வற்றிய ஓடையைப் பார்த்து 'செத்துப்போச்சு' என்று எழுதிவிடக் கூடாது. முன்பு தை வரை ஓடியது இப்போது கார்த்திகையிலேயே நின்றுவிடுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எப்போது போவது

மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் சரியான நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், ஓட்டமும் இருக்கும். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளையும் கூட இழுத்துக்கொள்ளலாம். போகிக்கு மறுநாள் போனால், ஊர் என்னென்னத்தைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டியது என்பதும் சேர்ந்தே தெரியும்.

பெருவெள்ளம் வந்து போன கையோடு போகாதீர்கள். வெள்ளம் பூச்சிகளை அடித்துக்கொண்டு போயிருக்கும். நல்ல ஓடையும் மோசமாகத் தெரியும். குறைந்தது இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதேபோல, வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழைத் தண்ணீர் ரோட்டு எண்ணெய், உரம், சாணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மேலே என்ன கிடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. தனியாக ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது

கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் ஓடையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். எந்த மலைச் சரிவிலிருந்து வருகிறது, எந்தக் கண்மாயில் விழுகிறது, நடுவில் எத்தனை பாலம், செங்கல் சூளை, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலரும் மறந்துவிடுகிற வேலை. ஓடை பெரும்பாலும் 'ஓடை புறம்போக்கு' என்று தனிப் புல எண்ணில் வருவாய்த்துறைப் பதிவில் இருக்கும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தப் புல எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேடும் (நிலத்தின் வகையையும் பரப்பையும் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) புலப்படமும் (அளவுகளோடு வரைந்த நிலப்படம்) கிடைக்கும். புலப்படத்தில் ஓடையின் அகலத்தைப் பார்த்துவிட்டு, நேரில் போய் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பேப்பரில் இருக்கும் அகலத்துக்கும் தரையில் இருக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம், எந்த ரசாயனச் சோதனையும் சொல்லாத ஒரு சேதியைச் சொல்லும். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரையோ சர்வேயரையோ கேளுங்கள்.

அழகர்மலை, சிறுமலைப் பகுதிகளில் ஓடையின் மேல்பகுதி காப்புக்காட்டுக்குள் வந்துவிடும். வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போகவோ எதையும் பிடிக்கவோ கூடாது. ரேஞ்சர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கூட ஒரு வனக்காப்பாளரை அழைத்துக்கொண்டு போவதுதான் முறை. மலை ஓடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே மழை பெய்து தண்ணீர் திடுமென இறங்கும். கலங்கலும் சருகும் வர ஆரம்பித்தால் சாமானைப் போட்டுவிட்டுக் கரை ஏறுங்கள்.

என்னென்ன எடுத்துப் போவது

வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டு இரண்டு. வெள்ளையாக இருந்தால்தான் பூச்சி தெரியும். எவர்சில்வர் தட்டு வெயிலில் கண்ணைக் கூசும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து, கம்பி வளையத்தில் தைத்து, மூங்கில் கம்பில் கட்டிக்கொள்ளலாம். டீ வடிகட்டி, பெயிண்ட் பிரஷ், உருப்பெருக்கிக் கண்ணாடி, தெர்மாமீட்டர், டி.டி.எஸ். மீட்டர் (கரைந்திருக்கும் உப்பைக் காட்டுவது), பி.எச். தாள் (அமிலமா காரமா என்று காட்டுவது), கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் சொட்டு மருந்து கிட், 30 மீட்டர் டேப், ஸ்கேல், நைலான் கயிறு, ஒரு எலுமிச்சம்பழம். அப்புறம் ரப்பர் பூட்ஸ், கையுறை. கையில் காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவேண்டாம். மாடும் எலியும் புழங்கும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்ற வாய்ப்புண்டு.

மூன்று இடம்

ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடை நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்கு மேலே, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் ஒன்று. ஊரை ஒட்டி ஒன்று. ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் 50 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள இடம்தான் உங்கள் அளவுகோல். கீழே உள்ளதை அதோடுதான் ஒப்பிட வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கேயோ ஓடும் வற்றாத ஓடையோடு இல்லை. வேலையை எப்போதும் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். மேலே கலக்கிவிட்டுக் கீழே வந்தால் உங்கள் கலங்கலையே நீங்கள் அளப்பீர்கள்.

முதல் கால்மணி நேரம் கண்ணும் மூக்கும்

மீட்டரை வெளியே எடுக்காமல் சும்மா நின்று பாருங்கள். கரையில் என்ன மரம்? நீர்மருது, நாவல், புங்கன், நொச்சி, தாழை இருந்தால் கரை இன்னும் பழைய கரைதான். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மட்டும் என்றால் கரை ஒருமுறையாவது மொட்டையடிக்கப்பட்டிருக்கிறது. நீர்மருதின் வேர் கரையைப் பிடித்து வைக்கும், நிழல் தண்ணீரைக் குளிர வைக்கும், உதிர்ந்த இலை பூச்சிகளுக்குச் சாப்பாடு. தண்ணீரில் ஆகாயத்தாமரை மிதந்தால் சாக்கடையோ உரமோ கலக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் உடனே டீசல் என்று எழுதவேண்டாம். ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனித் துண்டாக நின்றால், அது இரும்புச் சத்துள்ள ஊற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இயற்கையான படலம். குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றுகூடிச் சுழன்றால் எண்ணெய். நுரைக்கும் இதே கதைதான். அருவி விழும் இடத்தில் பழுப்பாக நுரை இருப்பது சகஜம். துணி துவைக்கும் படித்துறைக்குக் கீழே வெள்ளையாக, வாசனையோடு நுரை போனால் சோப்பு.

ஓட்டமுள்ள இடத்தில் தேங்காய் அளவுக் கல் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். கல் தளர்வாகக் கையோடு வந்தால், அதற்கு அடியில் இடுக்கு இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது. வண்டலில் பாதிக்கு மேல் புதைந்து, இழுக்கும்போது 'பொளக்' என்று சத்தத்தோடு வந்தால், இடுக்கெல்லாம் அடைந்துவிட்டது. மேலே எங்கோ மண் அள்ளுகிறார்கள் அல்லது சரிவை உழுகிறார்கள். கல்லின் அடிப்பக்கம் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை. பத்து கல் தூக்கிப் பார்த்து, எத்தனை தளர்வு, எத்தனை புதைவு, எத்தனை கறுப்பு என்று எழுதுங்கள். டேப்பைப் பக்கத்தில் வைத்துப் போட்டோவும் எடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது

இதற்குத்தான் எலுமிச்சம்பழம். பெரும்பகுதி முங்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து, பழத்தை விட்டு, எத்தனை விநாடி என்று மூன்று நான்கு தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். அகலத்தையும், குறுக்கே ஐந்தாறு இடத்தில் ஆழத்தையும் அளங்கள்.

உதாரணத்துக்கு, அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.15 மீட்டர். பெருக்கினால் 0.3 சதுர மீட்டர். பழம் 10 மீட்டரை 25 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்தண்ணீர்தான் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும், அதனால் 0.85 ஆல் பெருக்க 0.34. இதை 0.3 ஆல் பெருக்கினால் 0.102 கன மீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 100 லிட்டர். கல்லும் மேடும் நிறைந்த ஆழமில்லா ஓடையில் 0.85 க்குப் பதில் இன்னும் குறைவாக எடுக்கவேண்டும். மழையே இல்லாத வாரத்தில், ஊருக்கு மேலே இருந்ததைவிடக் கீழே தண்ணீர் அதிகமாக ஓடினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். கூடுதல் தண்ணீர் எந்த வீட்டுக் குழாயிலிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

தண்ணீர்ச் சோதனை

வெப்பநிலையும் ஆக்சிஜனும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 25 டிகிரியில் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6 தான். மதுரை வெயிலில் நிழல் மரத்தை வெட்டுவது, தண்ணீரில் ஒன்றையும் கலக்காமலேயே ஆக்சிஜனைக் குறைக்கும் வழி.

எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பது இங்கே ரொம்ப முக்கியம். பாசி மண்டிய ஓடையில், பாசி வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால், மத்தியானம் மூன்று மணிக்கு அது அந்த வரம்பையும் தாண்டி 10, 11 என்று காட்டும். பார்த்தவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். அதே பாசி ராத்திரி முழுக்க ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, விடியற்காலையில் 3 க்குக் கொண்டுவந்து விட்டிருக்கும். மீன் மிதப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான். ஆகவே சூரியன் ஏறுவதற்கு முன் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அது உரச் சத்தும் சாக்கடைச் சத்தும் மிஞ்சிய தண்ணீர். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். மீனுக்கும் காட்டுயிருக்கும் 4. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) பார்க்க லேபுக்குத்தான் போகவேண்டும். நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். குளியல் தண்ணீருக்கு அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

டி.டி.எஸ். மீட்டரில் எண்ணைவிட ஏற்றம்தான் கவனிக்க வேண்டியது. பாறை நிலத்து ஊற்றுக்கு இயல்பிலேயே உப்பு கூடக் குறைய இருக்கும். ஆனால் மேலே 180 காட்டி, கால் கிலோமீட்டர் கீழே 600 காட்டினால் நடுவில் ஏதோ கலக்கிறது. மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது ஐம்பது அடியாக மேலே ஏறுங்கள். எண் சட்டென்று இறங்கும் இடத்தில் நின்று கரையைப் பாருங்கள். புதருக்குள் குழாய் ஒன்று இருக்கும். மலிவாகக் கிடைக்கிற சாமான் இவ்வளவு துப்பறிகிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நைட்ரேட், அம்மோனியா, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய கிட் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். கிராமத்துப் பெண்கள் சிலருக்குப் பயிற்சியும் உண்டு. உங்கள் ஊராட்சியில் அந்த அக்காமார் யார் என்று விசாரித்து, கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைப் புரட்டுதல்

இப்போது முக்கியமான வேலை. ஓட்டமுள்ள கல் படுகையில் வலையைத் தரையோடு ஒட்டிப் பிடியுங்கள், வாய் மேல்நீரைப் பார்த்து இருக்கட்டும். வலைக்கு முன்னால் காலால் கல்லையும் சரளையையும் கிளறுங்கள். கிளம்புவதெல்லாம் ஓட்டத்தில் வலைக்குள் வந்துவிழும். வெவ்வேறு இடமாக மொத்தம் மூன்று நிமிடம். பிறகு பெரிய கல் ஐந்தாறைக் கையால் தூக்கி, அடிப்பக்கத்தைப் பிரஷால் தட்டுக்குள் வழியுங்கள். கரையோர வேரிலும் புல்லிலும் வலையை ஒரு முறை உதறுங்கள். எல்லாவற்றையும் ஓடைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். முதலில் சருகும் மண்ணும்தான் தெரியும். அப்புறம் சருகில் ஒரு துணுக்கு நடக்கும். மண்ணில் ஒன்று நெளியும்.

மூன்று மெல்லிய வாலோடு, வயிற்றின் இரு பக்கமும் இறகு மாதிரிச் செவுள் படபடத்தால் அது மேஃப்ளை என்ற பூச்சியின் இளசு. அதில் உடல் தட்டையாகக் கல்லோடு அப்பிக்கொள்ளும் வகைதான் சுத்தத் தண்ணீரின் பெரிய சாட்சி. மீன்குஞ்சு மாதிரித் துள்ளி நீந்தும் சின்ன வகை கொஞ்சம் அழுக்கையும் தாங்கும். இரண்டே வால், கால் ஒவ்வொன்றிலும் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. இதைக் குளிர்ந்த மேல்மலை ஓடையில்தான் எதிர்பார்க்கலாம்; அடிவாரத்தில் கிடைக்காவிட்டால் குறையில்லை. மணலையும் சருகுத் துண்டையும் ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே நடக்கும் புழு கேடிஸ் இனம். கல் மேல் பைசா அளவில் வட்டமாக, செதில் போல ஒட்டியிருப்பதை நகத்தால் நெம்பிப் பாருங்கள்; அடியில் ஆறு கால் இருந்தால் அது வண்டின் இளசு, ஓட்டமும் ஆக்சிஜனும் நிறைந்த இடத்தில் மட்டும் இருக்கும்.

ரத்தச் சிவப்பில் நெளியும் புழு, ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு, சிவப்பு அதனால்தான். ஒன்றிரண்டு எல்லா ஓடையிலும் இருக்கும். தட்டு முழுக்க அது மட்டும் இருந்தால் சாக்கடை. நீள வாலைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சுவிடும் வெளுத்த புழு தெரிந்தால் தண்ணீருக்குள் மூச்சுவிட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மதிப்பெண் போட, இங்கிலாந்தில் 1970களின் கடைசியில் உருவான பட்டியல் ஒன்று உண்டு. நம் நாட்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் மதிப்பீடும் அதையொட்டியதுதான். சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

ஸ்டோன்ஃப்ளை, தட்டை மேஃப்ளை: 10
தட்டான் இளசு: 8
கூடு சுமக்கும் கேடிஸ் புழு: 7 அல்லது அதற்கு மேல்
வலை பின்னும் கேடிஸ் புழு, தண்ணீர் மேல் ஓடும் பூச்சி: 5
துள்ளி நீந்தும் மேஃப்ளை: 4
நத்தை, அட்டை: 3
சிவப்புப் புழு: 2
சேற்றில் நெளியும் நூல் புழு: 1

எத்தனை எண்ணிக்கை கிடைத்தது என்பது கணக்கில்லை, எத்தனை வகை என்பதுதான். மேல் இடத்தில் தட்டை மேஃப்ளை, தட்டான், வலை கேடிஸ், துள்ளும் மேஃப்ளை, சிவப்புப் புழு கிடைத்தால் 10, 8, 5, 4, 2. கூட்டினால் 29, ஐந்தால் வகுத்தால் 5.8. கீழ் இடத்தில் துள்ளும் மேஃப்ளை, நத்தை, அட்டை, சிவப்புப் புழு, நூல் புழு என்றால் 13, சராசரி 2.6. ஒரே ஓடை, நடுவில் ஒரே ஒரு ஊர். தட்டானுக்கு 8 என்பது நம்ம ஊருக்குத் தாராளம் என்பது என் கருத்து. பாசி பிடித்த கண்மாயில்கூடச் சில தட்டான்கள் குஷியாக வாழ்கின்றன. அதனால் தட்டானைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு சராசரி போட்டு வையுங்கள். பார்த்து முடித்ததும் தட்டைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மீன், பறவை, பெரியவர்கள்

மதுரைக்காரருக்கு அயிரை என்றால் குழம்புதான் முதலில் நினைவுக்கு வரும். ஓடையைப் பார்க்கப் போகிறவருக்கு அது ஒரு அளவுகோல். அயிரை மணலுக்குள் புதைந்து ஒளிகிற மீன். மணலை அள்ளிவிட்டால் அதற்கு வீடில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தும் அயிரை இல்லையென்றால் படுகையைப் பாருங்கள். ஜிலேபிக் கெண்டையும், கொசுவை ஒழிக்க 1928 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியாவும் மட்டும் இருந்தால் உள்ளூர் மீன்கள் பின்வாங்கிவிட்டன என்று குறியுங்கள்.

பறவை நிறைய இருப்பதாலேயே ஓடை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். நெடுங்கால் உள்ளான் கூட்டமாக நிற்கும் இடம் பல நேரம் சாக்கடை தேங்கிய இடம். அதற்குப் புழு அங்கேதான் அதிகம். மாறாக, மீனைக் கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன்கொத்திக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும்.

கரையில் ஆடு மேய்க்கிற பெரியவர் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். "அய்யா, முன்ன எந்த மாசம் வரைக்கும் இதுல தண்ணி போகும்? மணல தோண்டினா எத்தன அடியில ஊறும்? குடிச்சிருக்கீகளா?" இந்த மூன்று கேள்வி போதும். பதிலை ஒரே ஆளிடம் கேட்காமல் மூன்று நான்கு பேரிடம் கேட்டு, ஒத்துப்போவதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி, எங்கே கொடுப்பது

எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்க ஆசை வரும். நான் செய்வதில்லை. அகலம், கரை, படுகை, ஓட்டம், தண்ணீர், பூச்சி என்று ஆறு வரி, மூன்று இடத்துக்கு மூன்று கட்டம். ஒரே தாளில் அடங்கிவிடும். எந்த வரியில் மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் வித்தியாசம் அதிகமோ அங்கேதான் நோய். பூச்சி மட்டும் குறைந்து தண்ணீர்ச் சோதனை சரியாக இருந்தால், ராத்திரியில் யாரோ எப்போதாவது திறந்துவிடுகிறார்கள் அல்லது படுகை வண்டலில் மூடியிருக்கிறது. தூக்கிப் பார்த்த பத்துக் கல்லின் கணக்கு இரண்டில் எது என்று சொல்லிவிடும்.

கழிவு கலப்பது தெரிந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாருக்கும், இருப்பிடம் பதிந்த போட்டோவோடு மனுக் கொடுங்கள். கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தை மாதம் எடுத்த கணக்கை அன்று வைத்தால் சரியாக இருக்கும், தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள். உயிரினப் பட்டியலை ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதைப் பராமரிக்க ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022 இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும் இதே சட்டத்தின் கீழ்தான். அடுத்த தையில் அதே மூன்று இடம், அதே வலை, அதே மூன்று நிமிடம். இடத்தை மாற்றினால் முந்தைய வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட முடியாது, அதனால் கயிறு கட்டிய மரத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வாருங்கள்.